முகமில்லாத படைவீரர்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழின் நடுப்பக்கத்தில், அமெரிக்க ஓவியர் மார்ஸ்டன் ஹார்ட்லி 1914ஆம் ஆண்டு நவம்பரில் பெர்லினில் வரைந்த ‘ஒரு ஜெர்மன் அதிகாரியின் உருவப்படம்’ என்னும் ஓவியத்தின் அச்சுப்படியை வெளியிட்டிருந்தோம். கறுப்புப் பின்னணியில் கொடிகளும் பதக்கங்களும் எழுத்துகளும் எண்களும் நெருக்கியடித்து நிற்கும் அந்தப் படத்தைப் பற்றி வந்த கடிதங்களுள் சில கோபமானவை, சில ஆர்வமானவை. ஒரே ஐயத்தை எழுப்பியவற்றை ஒன்றாகச் சேர்த்து இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: உருவப்படம் என்று தலைப்பு வைத்துவிட்டு உருவத்தையே காட்டாமல் விடுவது வாசகனை ஏமாற்றும் வேலை இல்லையா? கண் இல்லை, மூக்கு இல்லை, கைகால் இல்லை. இவர் யார் என்று பெற்ற தாயாலும் சொல்ல முடியாது. ‘கொடிகளும் பதக்கங்களும்’ என்று பெயரிட்டிருந்தால் நேர்மையாக இருந்திருக்குமே?

பதில்: பெற்ற தாய்தான் முதலில் அடையாளம் கண்டிருப்பார் என்று நினைக்கிறேன். படத்தின் கீழ்ப்பகுதியில் இடப்பக்கம் இருப்பவை அவருடைய மகனின் பெயரின் முதலெழுத்துகள். வலப்பக்கம் இருக்கும் 24 என்னும் எண், அவன் இறந்தபோது அவனுக்கு இருந்த வயது. மகனின் பெயரையும் சாவின் வயதையும் ஒரே சட்டத்துக்குள் பார்க்கும் தாய்க்கு மூக்கும் கண்ணும் தேவைப்பட்டிருக்காது.

அந்த அதிகாரியின் பெயர் கார்ல் ஃபான் ஃப்ரைபர்க். ஜெர்மன் பேரரசின் பெரிய அங்கமான பிரஷ்யாவின் படையில் துணைநிலை அதிகாரியாக இருந்தவர். 1912இல் பாரிஸில் ஹார்ட்லிக்கு ஆர்னால்ட் ரோனெபெக் என்னும் ஜெர்மானியச் சிற்பியின் நட்பு கிடைத்தது. ரோனெபெக்கின் உறவினரான ஃப்ரைபர்க்கும் அந்த நட்பின் வழியே அறிமுகமானார். அவர்களால் ஈர்க்கப்பட்டே ஹார்ட்லி 1913இல் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தார் என்று சொல்லலாம். முதல் உலகப் போர் தொடங்கிய சில வாரங்களுக்குள், 1914 அக்டோபர் 7ஆம் நாள், ஃப்ரைபர்க் களத்தில் கொல்லப்பட்டார். அடுத்த மாதமே இந்த ஓவியம் பிறந்தது. சீருடையில் நிற்கும் ஃப்ரைபர்க்கின் புகைப்படம் உண்டு. ஓவியருக்கு அவருடைய முகம் நன்றாகத் தெரியும். ஆகவே முக ஒற்றுமையைக் கொண்டுவர முடியாமல் அவர் முகத்தை விட்டுவிட்டார் என்று கருத இடமில்லை. தெரிந்தே விட்டார்.

உருவப்படம் என்றால் முகம் என்னும் எண்ணம் எல்லா இடத்துக்கும் பொதுவான எண்ணம் அன்று. போரில் மாண்டவர்களுக்கு நம் முன்னோர் நட்ட நடுகற்களைப் பாருங்கள். கல்லில் வீரன் நிற்கிறான், வில்லோ வாளோ ஏந்தியிருக்கிறான், ஆனால் ஒரு கல்லில் உள்ள முகத்துக்கும் அடுத்த கல்லில் உள்ள முகத்துக்கும் பெரிய வேறுபாடு எதையும் சிற்பி காட்டுவதில்லை. அவன் இன்னார் என்பதைச் சொல்பவை பொறிக்கப்பட்ட பெயரும், எந்தப் பூசலில் விழுந்தான் என்னும் செய்தியும், கையிலிருக்கும் ஆயுதமுமே. ஹார்ட்லி நடுகல்லைக் கண்டிருக்க மாட்டார். ஆயினும் அவருடைய ஓவியம் அதே முறையில்தான் ஓர் ஆளைச் சுட்டுகிறது.

நவீன ஓவியத்துக்குள்ளும் இதற்கு முன்னோடிகள் உண்டு. பிக்காசோ 1910இல் தம் ஓவிய வணிகர் கான்வைலரை வரைந்தபோது உடலைச் சில்லுகளாக உடைத்தார். என்றாலும் கூந்தலின் அலையையும் கோத்த கைகளையும் தேடினால் கண்டுபிடிக்கலாம். ஹார்ட்லி செய்தது ஏறத்தாழ இதற்கு நேர்மாறானது: உடலை முழுவதுமாக நீக்கிவிட்டு, உடல் அணிந்திருந்தவற்றை மட்டும் உடைக்காமல் வைத்தார். பாரிஸில் அவருக்குப் பழக்கமான எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைன், முகவருணனையே இல்லாத சொற்சித்திரங்களாக நண்பர்களை எழுதிக்கொண்டிருந்த காலம் அது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. சென்ற இதழை மேசைமேல் வைத்துச் சற்றுத் தள்ளி நின்று மறுபடி பாருங்கள். தனித்தனிக் கொடிகளாகத் தெரிந்தவை ஒன்றுகூடி, கறுப்பு வெளியில் நிமிர்ந்து நிற்கும் ஒரு மனித மார்புபோல எழுவதைக் காண்பீர்கள். நீங்கள் இல்லை என்று சொன்ன உருவம் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: படத்தில் உள்ள ஒவ்வோர் அடையாளத்துக்கும் என்ன பொருள்? ஒரு பட்டியல் தந்தால் உதவியாக இருக்கும்.

பதில்: பட்டியலாகத் தந்தால் படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பட்டியலைச் சரிபார்க்கத் தொடங்கிவிடுவீர்கள் என்னும் அச்சத்தோடு சிலவற்றைச் சொல்கிறேன்.

நடுவில் கண்ணைப் பிடித்து நிறுத்துவது இரும்புச் சிலுவை. நெப்போலியனுக்கு எதிரான போரின்போது, 1813இல், பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியம் ஏற்படுத்திய வீரப் பதக்கம் அது. 1870இல் ஒருமுறையும் 1914 ஆகஸ்டில் போர் மூண்டதும் மறுமுறையும் அது புதுப்பிக்கப்பட்டது. ஃப்ரைபர்க்குக்கு அது வழங்கப்பட்டிருந்தது. எண் 4 அவருடைய படைப்பிரிவின் எண். கறுப்பும் வெள்ளையுமான கட்டங்கள் அவர் விரும்பி ஆடிய சதுரங்கத்தின் பலகையை நினைவூட்டுபவை. கறுப்பு, வெள்ளை, சிவப்பு ஆகிய மூன்று பட்டைகள் ஜெர்மன் பேரரசின் கொடி. நீலமும் வெள்ளையுமான சாய்சதுரங்கள் அந்தப் பேரரசின் ஓர் அங்கமான பவேரியாவின் கொடி. இவற்றோடு தோள்பட்டை அணிகள், குஞ்சங்கள், குதிரைவீரன் குதிகாலில் அணியும் முள் ஆகியவையும் இருக்கின்றன.

ஓர் எழுத்து மட்டும் இன்றுவரை வாதத்துக்கு உரியதாக இருக்கிறது. ஆங்கில அரிச்சுவடியின் ஐந்தாம் எழுத்தை ஹார்ட்லி படத்தில் எழுதியிருக்கிறார். எலிசபெத் அரசியின் பெயரைத் தாங்கிய காவற்படைப் பிரிவை அது குறிக்கிறது என்று ஒரு சாரார் கூறுவர். ஹார்ட்லியின் இயற்பெயர் எட்மண்ட் என்பதைச் சுட்டிக்காட்டி, இறந்தவரின் உடைமைகளுக்கு நடுவே ஓவியர் தம்மையும் ஓரெழுத்தாக ஒளித்துவைத்துக்கொண்டார் என்று இன்னொரு சாரார் கூறுவர். மார்ஸ்டன் என்பது அவருடைய மாற்றாந்தாயின் குடும்பப் பெயர். இளமையில் அதையே தம் பெயராக ஏற்றுக்கொண்டார். எனக்கு இரண்டாம் விளக்கத்தின்மீது சாய்வு உண்டு, ஆனால் முதலாவதைத் தள்ளிவிடவும் காரணம் இல்லை. ஒரே எழுத்து இரண்டு வேலையையும் செய்யக்கூடாது என்று விதி எதுவும் கிடையாது.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு செய்ய வேண்டிய வேலை ஒன்று மீதமிருக்கிறது. அந்தப் பொருள்கள் எப்படித் தீட்டப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். சீருடையின் அணிகலன்கள் பளபளப்பாகவும் ஒழுங்காகவும் இருக்க வேண்டியவை. இங்கே அவற்றின் விளிம்புகள் முரட்டுத் தீற்றல்களால் கலைந்திருக்கின்றன, ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சுமுட்ட நிற்கின்றன. துண்டுதுண்டானவற்றை ஒட்டுப்படம்போல அடுக்கும் முறையைப் பாரிஸின் கியூபிச ஓவியர்களிடமிருந்தும், வண்ணத்தை உணர்ச்சியின் வேகத்தோடு அப்பும் முறையை ஜெர்மன் எக்ஸ்பிரஷனிஸ்டுகளிடமிருந்தும் ஹார்ட்லி எடுத்துக்கொண்டார். ஜெர்மனியில் இயங்கிய ஓவியர்களான காண்டின்ஸ்கியையும் ஃபிரான்ஸ் மார்க்கையும் அவர் நேரில் அறிந்தவர். எண் 24இன் பொருள் தெரிந்தவுடன் படம் புரிந்துவிட்டது என்று எண்ணிக்கொள்பவர், அந்தக் கறுப்பு ஏன் அத்தனை அடர்த்தியாக இருக்கிறது என்று கேட்க மறந்துவிடுகிறார்.

கேள்வி: இந்த ஓவியம் இப்போது எங்கே இருக்கிறது? அதன் உண்மையான அளவு என்ன?

பதில்: நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கித்தானில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டப்பட்டது, 173.4 செ.மீ. உயரமும் 105.1 செ.மீ. அகலமும் உடையது. ஹார்ட்லியை ஆதரித்துவந்த புகைப்படக் கலைஞர் ஆல்பிரட் ஸ்டீக்ளிட்ஸின் சேகரிப்பிலிருந்து 1949இல் அருங்காட்சியகத்துக்கு வந்தது. ஓர் ஆளின் உயரம் என்பதைக் கவனியுங்கள். நாம் அச்சிட்ட அளவில் அது பதக்கப் பெட்டிபோலத் தோன்றியிருக்கும். நேரில் அது எதிரே நிற்கும் ஆளைப்போல நிற்கும்.

கேள்வி: ஹார்ட்லியே தம் படங்களில் மறைபொருள் எதுவும் இல்லை, கண்ணில் பட்ட வடிவங்களை வரைந்தேன், அவ்வளவுதான் என்று எழுதியிருப்பதாகப் படித்தேன். வரைந்தவரே இல்லை என்று சொல்லும் பொருளை விமர்சகர்கள் எதற்காகத் திணிக்கிறார்கள்?

பதில்: அவர் அப்படி எழுதியது உண்மை. 1916 ஏப்ரலில் நியூயார்க்கில் ஸ்டீக்ளிட்ஸ் நடத்திய ‘291’ என்னும் கலைக்கூடத்தில், பெர்லினில் வரைந்த இந்த வரிசை ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது எழுதிய குறிப்பில், இந்த வடிவங்கள் அன்றாடம் தற்செயலாகத் தாம் கண்டவை என்றும், அவற்றுள் மறைந்த குறியீடு ஏதும் இல்லை என்றும் கூறியிருந்தார். ஆனால் அந்தக் குறிப்பு எப்போது, எந்த ஊரில், யாரைப் பார்த்து எழுதப்பட்டது என்பதையும் நாம் படிக்க வேண்டும்.

1915 மே மாதம் லூசிட்டானியா என்னும் பயணிகள் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்த பிறகு அமெரிக்காவில் ஜெர்மனி மீதான வெறுப்பு ஏறிக்கொண்டே இருந்தது. அந்த ஆண்டு இறுதியில்தான் ஹார்ட்லி பெர்லினை விட்டு நாடு திரும்பினார். கண்காட்சி தொடங்கி ஓராண்டில், 1917 ஏப்ரலில், அமெரிக்காவே போரில் இறங்கிவிட்டது. இத்தகைய சூழலில் இரும்புச் சிலுவையையும் பேரரசுக் கொடியையும் ஆளுயரத்துக்கு வரைந்து மாட்டியவர், ‘இது நான் உயிரினும் மேலாக நேசித்த ஒரு ஜெர்மன் படை அதிகாரியின் நினைவுச் சின்னம்’ என்று சுவரில் எழுதிவைத்திருக்க முடியுமா?

நேசித்த என்னும் சொல்லை எண்ணிப் பார்த்தே எழுதினேன். ஹார்ட்லி ஆண்களை விரும்பியவர். ஃப்ரைபர்க்மீது அவர் கொண்டிருந்தது காதல் என்பதை இந்த ஓவியங்களை ஆராய்ந்தோர் பலரும் ஏற்கின்றனர். அந்தக் காதலுக்கு மறுபக்கத்திலிருந்து எத்தகைய பதில் கிடைத்தது என்பது வேறு செய்தி. அதை ஊகத்தால் நிரப்புவது இறந்தவர் இருவருக்கும் செய்யும் அநீதி. ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 175ஆம் பிரிவு ஆண்களுக்கிடையேயான உறவைக் குற்றமாக்கியிருந்த காலம் அது. அமெரிக்காவிலும் நிலைமை மேலானதாக இல்லை. ஒரு மனைவியோ சகோதரனோ வெளிப்படையாக அழுது தீர்த்துக்கொள்ளக்கூடிய துக்கத்தை, ஊரறியச் சொல்லும் உரிமை இல்லாத ஒருவர் எங்கே கொண்டுபோய் வைப்பார்? எழுத்திலும் எண்ணிலும் கொடியிலும் வைத்தார். ஆண்டுகள் பல கழிந்த பிறகு, அடையாளங்கள் இன்னின்னவற்றைக் குறிக்கின்றன என்று எடுத்துச் சொன்னவர் ஃப்ரைபர்க்கின் உறவினரான ரோனெபெக். ஆகவே இந்தப் பொருள்கள் விமர்சகரின் கற்பனையில் முளைத்தவை என்னும் குற்றச்சாட்டு நிற்காது.

அதற்காக ஹார்ட்லியின் குறிப்பைப் பொய் என்று ஒதுக்கிவிடவும் நான் உடன்பட மாட்டேன். வடிவமும் வண்ணமும் தம்மளவில் நிற்க வேண்டும், கதை தெரியாதவரையும் படம் தொட வேண்டும் என்று அவர் உண்மையாகவே விரும்பினார். அந்த விருப்பம் நிறைவேறியிருக்கிறது என்பதற்கு, பொருள் எதுவும் தெரியாமலேயே படத்தைப் பார்த்துக் கோபம்கொண்டு நமக்குக் கடிதம் எழுதியவர்களே சான்று.

கேள்வி: பதக்கமும் கொடியும் நிறைந்த இந்தப் படம் போரையும் ஜெர்மானியப் படை வெறியையும் போற்றுவதாகவே எனக்குப் படுகிறது. தங்கள் கருத்து என்ன?

பதில்: உங்கள் ஐயத்தில் பாதி உண்மை இருக்கிறது, அதை மழுப்ப வேண்டியதில்லை. போருக்கு முந்தைய பெர்லினின் படை ஆடம்பரத்தில் ஹார்ட்லி மயங்கித்தான் கிடந்தார். 1913 மே மாதம் ஜெர்மன் பேரரசரின் மகள் விக்டோரியா லூயிசின் திருமணத்தை ஒட்டி நகரமே அணிவகுப்பும் அலங்காரமுமாகப் பொங்கியது. ஹார்ட்லி அதைச் சிறுவனின் வியப்போடு பார்த்தவர். அதே ஆண்டு வரைந்த ‘வீரர்கள்’ என்னும் ஓவியத்தில் குதிரைமேல் அமர்ந்த படையினர் ஒளிமிக்க வண்ணங்களுக்கு நடுவே வரிசை வரிசையாகச் செல்கின்றனர். அந்தப் படத்தைப் போற்றிப் பாடல் என்று யாரேனும் சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

இப்போது அதனருகே 1914 நவம்பரின் ஓவியத்தை வையுங்கள். அலங்காரப் பொருள்கள் ஏறத்தாழ அவையே. குதிரைகள் போய்விட்டன, வீரர்கள் போய்விட்டனர், கூட்டம் போய்விட்டது. அணிவகுப்பில் ஆயிரம் பேர் தோளில் மின்னிய அணிகள், அணிந்தவன் இல்லாமல், இருட்டுக்குள் குவிந்து கிடக்கின்றன. தாம் மயங்கிய அதே ஆடம்பரம் தம் நண்பரை விழுங்கிவிட்டது என்பதை அந்த மனிதர் உணர்ந்திருக்கிறார். ஆயினும் அந்த வண்ணங்களின்மீது கொண்ட மயக்கத்தையும் அவரால் விட முடியவில்லை. சிவப்பு இன்னும் அழகாகத்தான் இருக்கிறது, பொன்னிறம் இன்னும் மின்னத்தான் செய்கிறது. போரை வெறுக்கிறேன் என்று ஒரே குரலில் முழங்கும் ஓவியத்தைவிட, இந்த இரண்டு மனநிலைகளையும் மறைக்காமல் காட்டும் ஓவியம் நம்பத்தக்கது என்பது என் எண்ணம்.

குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஜெர்மன் படை எரித்த பெல்ஜியத்தின் ஊர்கள் இந்த ஓவியத்துக்குள் இல்லை. எதிர்த்தரப்பில் இறந்த இருபத்துநான்கு வயதுக்காரர்கள் இல்லை. தம் துக்கத்தின் எல்லைக்கு அப்பால் ஹார்ட்லி பார்க்கவில்லை. போரின் கோரத்தை ஓவியத்தில் தேடுபவர்கள், அகழிகளில் நேரில் போரிட்ட ஓட்டோ டிக்ஸ் 1924இல் வெளியிட்ட ‘போர்’ என்னும் ஐம்பது செதுக்கோவியங்களிடம் போக வேண்டும். நம் மரபில் இறந்தவரை எண்ணிப் புலம்பும் கையறுநிலை பாடிய புலவரிடம், பகைவர் பக்கத்துச் சாவைப் பற்றி ஏன் பாடவில்லை என்று நாம் கேட்பதில்லை. அந்தச் சலுகையை ஹார்ட்லிக்கும் தரலாம் என்று தோன்றுகிறது.

கேள்வி: அதே காலத்தில் வேறு யாரேனும் படைவீரரை இப்படி அருவமாக வரைந்திருக்கிறார்களா?

பதில்: ரஷ்ய ஓவியர் காசிமிர் மாலெவிச் அதே 1914இல் ‘முதல் படைப்பிரிவின் சேமப்படை வீரர்’ என்னும் ஓவியத்தைச் செய்தார், நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் வண்ணத் தளங்களுக்கு நடுவே உண்மையான வெப்பமானி ஒன்றும் தபால்தலையும் அச்சுத்தாள் துண்டுகளும் ஒட்டப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்த வீரர் யாருமாக இருக்கலாம். அதில் குறும்பு மிகுதி, இழப்பு இல்லை. இரண்டையும் ஒரே வகையாகச் சொல்வது மேலோட்டமான ஒப்பீடாகவே முடியும்.

கேள்வி: ஹார்ட்லி பின்னாளில் மனித முகங்களை வரையவே இல்லையா?

பதில்: வரைந்தார், அவர்களுள் இறந்தவர்களும் உண்டு. 1930களின் நடுப்பகுதியில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஒரு மீனவக் குடும்பத்தோடு அவர் தங்கியிருந்தார். 1936 செப்டம்பரில் அந்த வீட்டின் மகன்கள் இருவர் புயலில் கடலுக்கு இரையாயினர். அதன்பின் அந்த மீனவர்களை நேர்முகமாக, பெரிய உடலும் அகன்ற கண்களுமாக, பழங்காலத் திருவுருவங்களின் பாணியில் தீட்டினார். அப்போது அவருக்கு அறுபதை ஒட்டிய வயது. இளமையில் முகத்தைத் தவிர்த்தவர் முதுமையில் முகத்துக்குத் திரும்பியதற்குத் துணிவு வந்தது காரணமா, பாணி மாறியது காரணமா என்று கேட்டால், இரண்டும்தான் என்பேன். ஐரோப்பாவில் கற்ற புதுமைகளைக் காட்டி மெய்ப்பிக்க வேண்டிய கட்டாயம் அந்த வயதில் அவருக்கு இருக்கவில்லை.

கேள்வி: நான் ஓவியம் பயிலும் மாணவி. பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு படைத்தலைவரை, ஹார்ட்லியைப்போல முகமின்றி வரைய விரும்புகிறேன். வாளும் கேடயமும் கொடியும் சேர்த்து முதல் வரைவு போட்டேன். என் ஆசிரியர் அது நாடக மேடையின் அலங்காரம்போல இருக்கிறது என்கிறார். எங்கே தவறுகிறேன்?

பதில்: வரைவைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல இயலாது, ஆயினும் உங்கள் ஆசிரியர் கூறுவது எனக்கு விளங்குகிறது. வாளும் கேடயமும் எல்லாப் படைத்தலைவர்களுக்கும் பொது. ஹார்ட்லியின் படத்திலும் இரும்புச் சிலுவை பொதுவானதே. லட்சக்கணக்கானோர் அதைப் பெற்றார்கள். அதன் பக்கத்தில் சதுரங்கக் கட்டமும் 24 என்னும் எண்ணும் வந்தவுடன்தான் அது ஒருவருடைய சிலுவை ஆகிறது. ஆகவே உங்கள் படைத்தலைவருக்கு மட்டுமே உரியது எது என்று கல்வெட்டிலும் ஆவணத்திலும் தேடுங்கள்: அவர் கையொப்பமிட்ட முறை, இழந்த ஒரு கோட்டையின் தரைப்படம், அவர் பெயரோடு சேர்த்து மக்கள் சொல்லும் ஓர் ஊர், இறந்த நாள். அத்தகையவை இரண்டு கிடைத்தாலும் போதும்; கிடைக்கும்வரை வாளை வரையாதீர்கள்.

நேரில் அறியாத ஒருவரை இப்படி வரைய முடியுமா என்று நீங்கள் தயங்கினால், அதற்கும் ஒரு முன்மாதிரி இருக்கிறது. அமெரிக்க ஓவியர் ராபர்ட் இண்டியானா 1989 முதல் 1994 வரை ‘ஹார்ட்லி இரங்கற்பாக்கள்’ என்னும் வரிசையை உருவாக்கினார். மேய்ன் மாநிலத்தின் வைனல்ஹேவன் தீவில், ஹார்ட்லி 1938இல் தங்கிய அதே தீவில், அவர் வாழ்ந்துவந்தார். ஃப்ரைபர்க் இறந்து எழுபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. இண்டியானா அவரைக் கண்டதும் இல்லை. ஹார்ட்லியின் சிலுவையையும் எண்களையும் முதலெழுத்துகளையும் எடுத்து, தமக்கே உரிய கூர்மையான விளிம்புகளும் வட்டங்களும் அச்செழுத்துகளும் கொண்ட முறையில் மறுபடி அடுக்கினார். துக்கத்தைக் கடன் வாங்கியதுபோல நடிக்காமல், தாம் ஹார்ட்லியின் ஓவியத்தின் வழியாகவே அந்த அதிகாரியை அறிந்தவர் என்பதைத் தலைப்பிலேயே ஒப்புக்கொண்டார். நீங்களும் உங்கள் படைத்தலைவரை எதன் வழியாக அறிந்தீர்களோ, அந்த ஆவணத்தையோ கல்லையோ படத்துக்குள் கொண்டுவந்து பாருங்கள். இரண்டாம் வரைவு முடிந்ததும் அதன் நகலை எங்களுக்கு அனுப்பினால், இதே பகுதியில் அதைப் பற்றி எழுதுகிறேன்.